கையால் வரைந்த கார்ட்டூன் படங்களை ரசிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் வார இறுதித் தமிழ் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரும், பயாஸ்கோப் காலத்தை இன்னும் மறக்காத தாத்தா பாட்டிமாரும் பழைய கார்ட்டூன் படங்களைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி 1976 ஜனவரி 5ஆம் தேதிதான் முறைப்படி வந்தது. அதற்கு முன் வளர்ந்தவர்கள் இந்தப் படங்களைத் திரையரங்கில்தான் பார்த்தார்கள். அடுத்த தலைமுறை தொலைக்காட்சியிலும் வீடியோ நாடாவிலும் பார்த்தது. இன்றைய பிள்ளைகளின் கண் கணினியில் உருவாகும் படங்களுக்குப் பழகிவிட்டதால், பழைய படங்களில் தெரியும் சில விசித்திரங்களை அவர்கள் பிழை என்றே எண்ணிவிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை வேலை நடந்த விதத்தின் தடயங்கள். எந்தத் தடயம் எதிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது இந்தப் படங்களின் சுவை பல மடங்கு கூடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் படங்களை எப்படித்தான் எடுத்தார்கள்?

திரைப்படம் நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது 24 தனித்தனி அசையாப் படங்கள், என்ற வேகத்தில் ஓடுகிறது. அப்படியானால் 80 நிமிடப் படம் ஒன்றில் 1,15,200 பிரேம்கள் இருக்கும். ஒவ்வொரு பிரேமையும் ஓவியர்கள் முன்கூட்டியே திட்டமிட்டு, வரைந்து, வண்ணம் தீட்டி, கேமராவுக்குக் கீழே வைத்துத் தனித்தனியாகப் படம் பிடித்தார்கள்.

முதலில் பாத்திரத்தின் அசைவைத் தாளில் பென்சிலால் வரைவார்கள். மூத்த ஓவியர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை வரைவார். இடைப்பட்ட நிலைகளை உதவியாளர்கள் நிரப்புவார்கள். பிறகு அந்தக் கோடுகளைச் 'செல்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒளி ஊடுருவும் செலுலாய்டு தாளில் மையால் நகலெடுத்து, தாளைத் திருப்பிப் பின்புறத்தில் வண்ணம் தீட்டுவார்கள். டிஸ்னி நிறுவனத்தில் இந்த மை வேலையையும் வண்ண வேலையையும் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பல பத்தாண்டுகளாக நாம் திரையில் பார்த்த கோடு அவர்களுடைய கை இழுத்த கோடுதான் என்றாலும், படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் நான் எந்தப் படத்தையும் தொடங்குவதில்லை.

வண்ணம் தீட்டிய செல்லைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்தால், அசையாத காடோ வீடோ அடியில் அப்படியே இருக்க, மேலே பாத்திரத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். அமெரிக்கரான எர்ல் ஹர்ட் 1914இல் இம்முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதன்பின் ஏறத்தாழ 75 ஆண்டுகளுக்கு இதுவே இத்தொழிலின் அடிப்படையாக இருந்தது.

செல் வருவதற்கு முந்தைய படங்களில் சுவர், தரை எல்லாமே நடுங்குவது ஏன்?

அந்தப் படங்களில் பின்னணியையும் ஒவ்வொரு தாளிலும் புதிதாக வரைய வேண்டியிருந்தது. வின்சர் மெக்கே 1914இல் உருவாக்கிய டைனோசர் படத்தில், பாறைகளையும் ஏரியையும் ஓர் உதவியாளர் ஆயிரக்கணக்கான தாள்களில் திரும்பத் திரும்ப நகலெடுத்தார். எவ்வளவு கவனமாக நகலெடுத்தாலும் மனிதக் கை இழுக்கும் இரண்டு கோடுகள் ஒரே இடத்தில் அமைவதில்லை; மயிரிழை விலகினாலும் ஓட்டத்தில் அது நடுக்கமாகத் தெரிந்துவிடும். அந்த நடுக்கத்தால் டைனோசர் நிற்கும் நிலமே மூச்சு விடுவதுபோல் இருக்கும். அசையாத பொருளுக்கும் உயிர் கொடுத்த இந்தத் தோற்றத்தைப் பிற்காலத்தில் பல கலைஞர்கள் வேண்டுமென்றே மீண்டும் கையாண்டார்கள்.

விழப்போகும் கல் எதுவென்று முன்பே தெரிந்துவிடுகிறதே?

பிள்ளைகள் மிக விரைவில் கண்டுபிடிக்கும் விசித்திரம் இது. ஒரு மலைச்சரிவில் 20 பாறைகள் இருந்தாலும், உருளப்போகும் பாறை மட்டும் தனித்துத் தெரியும். புத்தக அலமாரியில் எந்தப் புத்தகத்தை எடுக்கப் போகிறார்கள் என்பதும், எந்தக் கதவு திறக்கப் போகிறது என்பதும் அப்படித்தான்.

பின்னணி ஓவியத்தை நீர்வண்ணத்தாலோ கோவாஷ் என்ற ஒளி ஊடுருவாத நீர்வண்ணத்தாலோ, நிழலும் மங்கலும் கலந்து, ஓர் ஓவியர் நிதானமாகத் தீட்டுவார். அசையும் பொருளைச் செல்லில் தீட்ட வேண்டும். ஒரே பொருளைப் பல செல்களில் மாறாமல் தீட்ட வேண்டியிருப்பதால் அங்கே நிழல் குழைவுக்கு இடமில்லை. தட்டையான ஒரே வண்ணமும் சுற்றிலும் தெளிவான வரிக்கோடும்தான் அமையும். ஆகவே தூரிகையின் மென்மையுடன் நிற்கும் 19 பாறைகளுக்கு நடுவே வெட்டி ஒட்டியதுபோல் ஒன்று நின்றால், அது அடியில் இருக்கும் ஓவியத்தைச் சேர்ந்ததல்ல, மேலே வைத்த செல்லைச் சேர்ந்தது.

இதே காரணத்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். செல் முழுத் தெளிவான தாள் அல்ல; ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழே இருப்பதைச் சற்று மங்கச் செய்யும். எனவே கீழடுக்குக்கு ஒரு கலவை, மேலடுக்குக்கு வேறு கலவை என்று வண்ணத்தைத் தயாரித்தார்கள். காட்சியின் நடுவில் அடுக்குகளின் எண்ணிக்கை குறைந்தால் வண்ணம் மாறிவிடும் என்பதற்காக வெற்றுச் செல்லைக்கூட இடையில் வைத்தார்கள். எங்காவது கணக்குத் தவறினால், நின்று பேசும் ஒருவரின் கை அசையத் தொடங்கும் நொடியில் சட்டையின் வண்ணம் லேசாக மாறும். அதிவேகமாக வந்து மறையும் தூசித் துகள், கேமராவுக்கு அடியில் அழுத்தும் கண்ணாடியால் உண்டாகும் வானவில் வளையம், செல்லின் விளிம்பு பின்னணியில் வீழ்த்தும் மெல்லிய நிழல் ஆகியவற்றையும் கூர்ந்து பார்த்தால் பிடித்துவிடலாம்.

சில காட்சிகளில் மட்டும் ஆழம் உண்மையாகவே தெரிவது எப்படி?

இரவுக் காட்சி ஒன்றில் கேமரா ஒரு வீட்டை நோக்கி முன்னேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே தாளில் வரைந்த ஓவியத்தை நெருங்கினால் வீடு பெரிதாகும்போது வானத்து நிலாவும் சேர்ந்து பெரிதாகும். உண்மையில் நாம் நடந்து போகும்போது நிலா பெரிதாவதில்லை என்பதால், கண் உடனே அந்தப் பொய்யை உணர்ந்துவிடும். இதற்குத் தீர்வாக டிஸ்னி நிறுவனம் பல அடுக்குக் கேமரா ஒன்றை அமைத்து, 1937இல் ஒரு குறும்படத்தில் பயன்படுத்தியது. முன்புறக் கிளைகள், நடுவில் வீடு, அடியில் நிலா என்று தனித்தனிக் கண்ணாடிகளில் தீட்டி, இடைவெளி விட்டு அடுக்கி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்தினார்கள். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் 1926இல் வெளியிட்ட நிழலுருவப் படத்திலேயே கண்ணாடி அடுக்குகளைப் பயன்படுத்தியிருந்தார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பாத்திரங்களுக்கு நான்கு விரல்களும் வெள்ளைக் கையுறையும் ஏன்?

நான்கு விரல் என்றால் வரைய வேண்டிய கோடுகள் குறைவு. ஐந்தாவது விரல் சேர்ந்தால் சிறிய கை நெரிசலாகவும் தெரியும். கையுறைக்கு ஒரு காரணம் கறுப்பு வெள்ளைப் படம்: கருப்பு உடலுக்கு முன்னால் கருப்புக் கை வந்தால் அது தெரியாது. இன்னொரு காரணத்தைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

படத்தை நிறுத்திப் பார்த்தால் முகம் கோரமாக நீண்டிருக்கிறது. அது கெட்டுப்போன பிரேமா?

இல்லை, அது மிகுந்த திறமையுடன் வரையப்பட்ட பிரேம். ஒருவர் மின்னல் வேகத்தில் திரும்பும்போது உண்மையான கேமராவில் உருவம் கலங்கிப் பதிவாகும். வரைந்த படத்தில் கலங்கல் தானாக வராது. ஆகவே முகத்தையோ கையையோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் வரை இழுத்துப் பூசியதுபோல் வரைவார்கள். நொடியின் 24இல் ஒரு பங்கு நேரமே தெரிவதால் கண் அதைத் தனியாகக் காண்பதில்லை, வேகத்தை மட்டும் உணர்கிறது. வார்னர் நிறுவனத்துக்காகச் சக் ஜோன்ஸ் 1942இல் இயக்கிய டோவர் பாய்ஸ் என்ற குறும்படம் இதற்குப் பேர்பெற்றது. அதில் பாத்திரங்கள் ஒரு நிலையில் சிலையாக நிற்பார்கள். பிறகு ஒரே இழுப்பில் அடுத்த நிலைக்குப் போய் மீண்டும் சிலையாவார்கள். படத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் முதலில் இந்தப் படத்தில் பயன்படுத்திப் பாருங்கள். பிள்ளைகளைத் தாளும் பென்சிலும் தேடி ஓட வைக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் அப்போது கவனிப்பீர்கள். பல காட்சிகளில் ஒவ்வொரு படமும் இரண்டு பிரேம்கள் நிற்கும். அதாவது நொடிக்கு 12 ஓவியங்கள்தான். சாதாரண நடைக்கும் பேச்சுக்கும் அது போதும். வேகமான ஓட்டத்துக்கும், கேமராவே நகரும் காட்சிக்கும் 24 ஓவியங்கள் வேண்டும். இல்லையென்றால் உருவம் வெட்டி வெட்டி நகரும்.

1961க்குப் பிறகு வந்த டிஸ்னி படங்களில் கோடு கரடுமுரடாக இருப்பது ஏன்?

1959இல் வெளிவந்த ஸ்லீப்பிங் பியூட்டி படத்தின் கோடுகளைக் கையால் மையிட்டார்கள். ஒவ்வொரு கோடும் மெல்லியதாக, சில இடங்களில் வண்ண மையில், நகை வேலையின் நுணுக்கத்தோடு இருக்கும். அதற்கு ஆன செலவை வசூல் ஈடுசெய்யவில்லை. அப்போது டிஸ்னி நிறுவனத்தின் தொழில்நுட்ப வல்லுநரான அப் ஐவெர்க்ஸ் (Ub Iwerks) என்பவர், ஜெராக்ஸ் முறையை மாற்றியமைத்து, ஓவியரின் பென்சில் கோட்டை நேரடியாகச் செல்லுக்கு ஏற்றும் வழியைக் கண்டார். 1961இல் வெளிவந்த, 101 டால்மேஷன் நாய்களைப் பற்றிய படம் முழுவதும் இம்முறையில் தயாரானது. அந்நாய்களின் உடலில் மொத்தம் 64,69,952 புள்ளிகளை வரைந்ததாக நிறுவனம் விளம்பரம் செய்தது. மையிடும் பழைய முறையில் அப்படியொரு படத்தை எடுத்திருக்க முடியாது.

இம்முறையில் நாயின் முதுகுக் கோடு ஒரே தடிமனில் ஓடாது. பென்சில் அழுந்திய இடத்தில் கருத்தும், விரைந்த இடத்தில் மெலிந்தும் இருக்கும். தலையின் வட்டத்தைச் சரிபார்க்க ஓவியர் இழுத்த துணைக்கோடு காதுக்கு அருகில் சில நேரம் அழியாமல் நிற்கும். வால்ட் டிஸ்னிக்கு இந்தத் தோற்றம் பிடிக்கவில்லை என்பது பதிவாகியுள்ள செய்தி. நான் அவரோடு உடன்படவில்லை. முந்தைய படங்களில் ஓவியரின் கோட்டுக்கும் நமக்கும் நடுவே இன்னொரு கை இருந்தது. இங்கே அவர் வரைந்த கோடே, அவருடைய தயக்கத்தோடும் துணிவோடும் சேர்ந்து, திரைக்கு வந்துவிடுகிறது.

தொலைக்காட்சிக் கார்ட்டூன்களில் ஒரே மரமும் ஒரே ஜன்னலும் திரும்பத் திரும்ப வருகின்றனவே?

வாரந்தோறும் ஒரு பகுதியைக் குறைந்த செலவில் முடிக்க வேண்டியிருந்ததால், ஹன்னா-பார்பெரா நிறுவனம் வரைவதைக் குறைக்கும் உத்திகளை ஒழுங்குபடுத்தியது. யோகி கரடிக்குக் கழுத்தில் காலர் மாட்டியதற்கும் அதுவே காரணம். உடலை ஒரு செல்லில் அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் மாற்றினால், இரண்டும் சேரும் இடத்தைக் காலர் மறைத்துவிடும். ஓடும் பாத்திரத்துக்குப் பின்னால் நீளமான ஒரே ஓவியம் சுற்றிச் சுற்றி வரும்.

குறைவான ஓவியங்கள் என்றால் தரம் குறைவு என்று முடிவு செய்துவிடக் கூடாது. இந்த நாட்டில் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் வளர்ந்த பலருக்கு, ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பேசிய ஹைடி என்ற ஆல்ப்ஸ் மலைச் சிறுமியை நன்றாகத் தெரியும். அது 1974இல் ஜப்பானில் இசாவோ தகஹாத்தா இயக்கிய 52 பகுதிகள் கொண்ட தொடர். அதன் காட்சியமைப்பு வரைவுகளை, அதாவது கேமரா எங்கே நிற்கிறது, பாத்திரம் எங்கே நிற்கிறது என்ற அடிப்படை வரைவுகளை, ஹயாவோ மியாசாகி வரைந்தார். தயாரிப்புக் குழு சுவிட்சர்லாந்துக்கே போய் மலையையும் குடிசைகளையும் பார்த்து வந்தது. அந்தத் தாத்தாவின் குடிசையில் அடுப்பு எங்கே, மேசை எங்கே, பரணுக்குப் போகும் ஏணி எங்கே என்று பார்த்தவர்களால் இன்றும் சொல்ல முடியும். ஓவியங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய தொடர், அந்த இடத்தின் உண்மையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவிலேயே கையால் வரைந்த படங்கள் உண்டா?

உண்டு. இக்கலையை ரசிக்க விரும்புவோர் அவசியம் பார்க்க வேண்டியவை அவை. 1955இல் ஜோஹனஸ்பர்கில் பிறந்த வில்லியம் கென்ட்ரிட்ஜ், 1989 முதல் கரித்துண்டு ஓவியங்களால் குறும்படங்கள் எடுத்து வருகிறார். செல் முறைக்கு நேர் எதிரான முறை அது. ஆயிரக்கணக்கான தாள்களுக்குப் பதிலாக, ஒரு காட்சிக்கு ஒரே பெரிய தாள். அதில் வரைந்து, கேமராவிடம் நடந்து போய் ஓரிரு பிரேம்கள் எடுத்து, திரும்பி வந்து சிறிது அழித்து, சிறிது வரைந்து, மீண்டும் கேமராவிடம் போகிறார். கரியை முழுவதும் அழிக்க முடியாது. ஆகவே கை அசைந்தால், அது முன்பு இருந்த இடங்களெல்லாம் சாம்பல் நிற மூட்டமாகத் தாளிலேயே தங்கிவிடும்.

1991இல் எடுத்த சுரங்கப் படத்தில் முதலாளி படுக்கையில் அமர்ந்து காபிக் குடுவையின் அழுத்தியைக் கீழே தள்ளுகிறார். அது குடுவையின் அடியோடு நிற்கவில்லை. தட்டைத் துளைத்து, மெத்தையைத் துளைத்து, பூமிக்குள் இறங்கி, தொழிலாளர்கள் நெருக்கிப் படுத்திருக்கும் இடத்தையும் அவர்கள் பாறை குடையும் இடத்தையும் கடந்து போய்க்கொண்டே இருக்கிறது. அது கடந்த பாதையின் கறை தாளை விட்டுப் போவதில்லை. மற்ற நிறுவனங்கள் துடைத்து மறைக்கப் பாடுபட்ட தடயத்தைக் கென்ட்ரிட்ஜ் படத்தின் பொருளாகவே ஆக்கிவிட்டார். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்த நமக்கு, ஒரு நாட்டின் செல்வத்துக்கு அடியில் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று காட்டும் இந்தச் சில நிமிடங்கள் ஆழமாகப் பதியும்.

பழைய கார்ட்டூன்களில் கறுப்பின மக்களை இழிவாக வரைந்திருக்கிறார்களே, அவற்றை ரசிக்கலாமா?

இந்த நாட்டில் இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டு இக்கலையைப் பற்றிப் பேசக் கூடாது. நம் முன்னோர் நிறவாரியாகப் பிரிக்கப்பட்ட திரையரங்குகளில் உட்கார்ந்து பார்த்த படங்களுக்குள்ளேயே நிறவெறியும் இருந்தது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த அமெரிக்க மேடை நிகழ்ச்சிகளில் வெள்ளைக் கையுறை வழக்கமான வேடப் பொருள். கார்ட்டூன் பாத்திரங்களின் கையுறையும் அகன்ற வாயும் அந்த மேடைக்குக் கடன்பட்டவை. வார்னர் குறும்படங்களில் 11 படங்கள் இந்தக் காரணத்துக்காக 1968இல் தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து விலக்கப்பட்டன. 1940இல் வந்த ஃபேன்டேசியா படத்தில் வெள்ளைப் பாத்திரங்களுக்குப் பணிவிடை செய்யும் கறுப்பினப் பாத்திரம் ஒன்று இருந்தது. பின்னாளைய பதிப்புகள் அதை நீக்கிவிட்டன.

மூலப் படங்கள் காப்பகங்களில் வெட்டப்படாமல் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நடந்ததற்கு அவை சாட்சி. ஆனால் அவற்றைச் சிரிப்புக்காகப் பிள்ளைகள் முன் போடக் கூடாது. விவரம் புரியும் வயதில், நிறுத்தி நிறுத்தி, யார் யாரை எதற்காக இப்படி வரைந்தார்கள் என்று பேசியபடி காட்ட வேண்டும்.

தமிழில் பார்க்கக் கையால் வரைந்த படம் ஏதாவது உண்டா?

ஜப்பானியரான யூகோ சாக்கோ முன்னின்று, இந்திய அனிமேஷன் கலைஞர் ராம் மோகனுடன் சேர்ந்து உருவாக்கிய இராமாயணப் படம் செல் முறையில் வரையப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் தயாரான அப்படம், 2025 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்ட பிரதியாகத் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் இந்தியத் திரையரங்குகளில் வெளியானது. கண்ணும் முகவெட்டும் ஜப்பானிய மரபில் இருக்க, உடையும் அணிகலனும் அரண்மனையும் இந்திய மரபில் இருக்கும். கோயில் திருவிழாவில் இராமாயணக் கூத்தும் பஜனையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதுவே நல்ல தொடக்கம். நடிகரோடு கார்ட்டூன் உருவங்கள் சேர்ந்து ஆடுவதைப் பார்க்க விரும்பினால், 1989இல் வந்த ராஜா சின்ன ரோஜா படத்தில் ரஜினிகாந்தின் பாடல் காட்சி இருக்கிறது.

எந்தப் பிரதியை, எப்படிப் பார்ப்பது நல்லது?

முதலில் உங்கள் தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் போய், அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை நிறுத்துங்கள். பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டு ஓவியங்களுக்கு நடுவே இல்லாத படத்தை அந்தக் கருவி தானாகக் கற்பித்து நுழைப்பதால், ஓவியர் எண்ணிப் பார்த்து வைத்த தாளமே குலைந்துவிடும்.

அடுத்து, பழைய படங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ சதுரமான 1.37:1 என்ற அகல-உயர விகிதத்தில் எடுக்கப்பட்டவை. அகலத் திரையை நிரப்புவதற்காகப் படத்தைப் பெரிதாக்கினால் பாத்திரங்களின் உச்சந்தலையும் பாதமும் வெட்டுப்படும். இருபுறமும் கருப்புப் பட்டை இருப்பதே சரி. தூசியையும் துகளையும் நீக்குகிறோம் என்று அளவுக்கு மீறித் துடைத்த பதிப்புகளும் உண்டு. மெல்லிய வரிக்கோட்டையும் அழுக்கு என்று எண்ணி மென்பொருள் அழித்துவிடும். தலைமுடியின் உள்கோடுகள், கண்ணிமைக் கோடு, உடையின் மடிப்பு ஆகியவை விட்டுவிட்டுத் தெரிந்தால் அந்தப் பதிப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய வீடியோ நாடாக்களை எறிந்துவிடலாமா? அவற்றில் படம் குறைந்த நேரமே ஓடுகிறதே?

எறிய வேண்டாம். பெரும்பாலும் படம் எங்கும் வெட்டப்பட்டிருக்காது. தென்னாப்பிரிக்கா பின்பற்றிய 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 பிரேம்கள். 24 பிரேம் படத்தை அதில் ஓட்டும்போது வேகம் 4 சதவீதம் கூடும். 83 நிமிடப் படமான ஸ்னோ ஒயிட் ஏறத்தாழ 80 நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டின் சுருதியும் சற்று ஏறும்.

1980களில் இந்த நாட்டுத் தொலைக்காட்சியிலிருந்து நேரடியாகப் பதிவு செய்த நாடா உங்களிடம் இருந்தால் அது அருமையானது, ஏனெனில் அக்காலக் குரல்பதிவுகள் பலவற்றை இன்று கடையில் வாங்க முடியாது. டர்பனின் கடற்கரை ஈரத்தில் நாடாவில் பூஞ்சை விரைவாகப் பிடிக்கும். நாடாக்களை உலர்ந்த, குளிர்ச்சியான அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்படலம் தெரிந்தால், நல்ல நாடாவை ஓட்டும் கருவிக்குள் அதைப் போடாதீர்கள். பூஞ்சை கருவியின் வழியாக மற்ற நாடாக்களுக்கும் பரவிவிடும். அத்தகைய நாடாவைச் சுத்தம் செய்து டிஜிட்டல் பிரதி எடுக்கத் தெரிந்தவரிடம் முதலில் கொடுங்கள்.